கீழே இறங்க ஒரு வேலை

வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்ததும் நாகபூஷணம் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கிறார். மின்விசிறிக்கு மேலே சிமெண்டுப் பூச்சு உப்பியிருக்கும் இடத்தை ஒரு முறை, மூலையில் ஓடும் விரிசலை ஒரு முறை. அப்புறம் கடைக்குள் இருக்கும் தலைகளை எண்ணுகிறார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், கையில் மூங்கில் பத்தை வைத்த கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், நான். "மூணு பேரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, முதுகு சுவரில் படுகிற மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார். பிறகுதான் என்னிடம் பேச்சு.

"இன்னாம்மா, கம்ப்யூட்டர தொற. அண்டர்கிரவுண்டு எதுனா கீதா பாரு."

புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் நெட் சென்டர் வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட வருகிறவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்னிடம் ஆதார் அட்டைக்கு நகல் எடுப்பார்கள். மற்றவர்கள் வருவது தரகாஸ்து போட. அரசாங்க விண்ணப்பமானாலும் கம்பெனி விண்ணப்பமானாலும் இங்கே தமிழர், தெலுங்கர் எல்லோருக்கும் அது தரகாஸ்துதான். பையன்கள் போலீஸ் வேலைக்குப் போடுவார்கள், பெண்கள் ஸ்ரீசிட்டி செல்போன் கம்பெனிக்குப் போடுவார்கள். நான்கு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் வரும் நாகபூஷணத்துக்கு வேண்டியது வேறு. பூமிக்குக் கீழே இறங்கிச் செய்கிற வேலை.

வயது நாற்பத்தேழு. குட்டையான ஆள், அகலமான தோள். வலது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். துளைபோடும் இயந்திரத்தை வருடக்கணக்காகத் தாங்கிய தோள். முன்கையில் பச்சை குத்தியது போல நீலப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். வெடி வைத்தபோது தெறித்த கல் தூள் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது. இடது காது மந்தம், அதனால் பேச்சு உரக்க வரும். நாராயணவனத்து வெயிலில் பிறந்த மனிதர், ஆனால் வெயில் ஆகாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து சாலையைக் கடந்து என் கடைக்கு வர முப்பது அடி. அதற்கும் கருப்புக் குடை விரிப்பார். "வெயில்ல நின்னா எவனோ தலமேல குந்திக்கினு கீறா மாரி இருக்குதும்மா."

பத்தொன்பது வயதில், குப்பம் என்ற ஊருக்கு அப்பால் இருந்த தங்கச் சுரங்கத்தில் கையாளாகச் சேர்ந்தார். ஆட்களைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டுக்கு அங்கே கேஜ் என்று பெயர். "மொத நாளு கேஜ்ல நிக்க வச்சி எறக்கினாங்க. காது ரெண்டும் அட்ச்சிக்கிச்சி. கீழ போனா இன்னா சில்லுனு கீது தெரியுமா! மேல வந்த ஒடனே எங்கம்மாகிட்ட சொல்ட்டேன், இனிமே நான் ஏர் புடிக்க மாட்டேன்னு." நான்கு வருடத்தில் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. கூட இருந்தவர்கள் ஆட்டோ வாங்கினார்கள், பெங்களூர் போனார்கள், மளிகைக்கடை வைத்தார்கள். இவர் மட்டும் மலையைக் குடைந்து கால்வாய் விடுகிற இடம், ரயிலுக்குக் குகை போடுகிற இடம் என்று இருட்டைத் தேடித் தேடிப் போனார். கடைசியாக ராஜஸ்தான் சுரங்கம் ஒன்றில், ஒரு கான்டிராக்டரிடம் ஒன்பது வருடம். கொரோனா வந்தபோது ஊருக்கு வந்தவரை மனைவி சுலோச்சனா மறுபடி போகவிடவில்லை. "போறதுன்னா போ. திரும்பி வராத" என்று ஒரே வார்த்தை. அன்றிலிருந்து சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்டத்துக்குள் கிடைத்தால்தான் உண்டு.

இந்த இரண்டு மாவட்டத்தில் வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. நான் தினமும் பார்க்கிறேனே. மாங்காய் சீசனில் ஜூஸ் ஃபேக்டரி வாசலில் ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ரேணிகுண்டாவில் கிடங்கு, திருப்பதியில் லாட்ஜ், சந்திரகிரி பக்கம் காலேஜ் காலேஜாகக் காவலாளி வேலை. எல்லாம் தரைக்கு மேலே. நிலத்தடிச் சுரங்கம் என்று ஆங்கிலத்தில் தட்டி, சித்தூர் என்று ஊர் போட்டால், திரையில் சுழி வட்டம் சுற்றி பூஜ்யம் வந்து நிற்கும். கீழே, இவற்றையும் பார்க்கலாம் என்று வேறு சில வேலைகளைக் காட்டும். ஒரு முறை திருப்பதி ஹோட்டலில் வரவேற்பாளர் வேலையைக் காட்டியது. நான் படித்துச் சொன்னேன். நாகபூஷணம் வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் நின்னு வணக்கம் சொன்னா எவன்மா ரூம் எடுப்பான்?"

நான்கு வருடத்தில் அவர் மேலே பார்க்காத வேலையில்லை. எக்ஸ்பிரஸ் சாலைக்கு மண் அள்ளும் இடத்தில் பதினெட்டு நாள். வெயிலில் மயங்கி விழுந்தார். நகரியில் தறிக்கூடத்தில் ஒரு மாதம்; தறிச் சத்தத்தில் மிச்சமிருந்த காதும் போய்விடும் என்று விலகினார். இப்போது நிலைத்திருப்பது மாங்கூழ் டப்பாக்களை அடுக்கி வைக்கும் குளிர்கிடங்கில். அங்கே ஜன்னல் கிடையாது. மற்றவர்கள் அரை மணிக்கொரு தரம் வெளியே ஓடி வந்து வெயில் காய்வார்கள். இவர் வெளியே வரவே மாட்டார். "அது ஒண்ணுதான் கொஞ்சம் நம்ம ஊட்டு மாரி கீது" என்பார். அவருக்கு ஓயாமல் இருக்கும் இருமல் அங்கிருந்துதான் வருகிறது என்று எல்லோரும் நினைத்தோம்.

சென்ற தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று வந்தது.

சித்தூர் மாவட்டம், குப்பம் பக்கம். மூடிக் கிடந்த ஒரு சுரங்கத்தை ஒரு தனியார் கம்பெனி எடுத்துத் திறக்கப் போகிறது. துளையிடுபவர் தேவை. அனுபவம் அவசியம், வயது ஐம்பதுக்குள். நான் படித்து முடிக்குமுன் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பார்த்தால் குடையை என் கடையிலேயே விட்டுவிட்டு, மொட்டை வெயிலில் சாலையைக் கடந்து, தட்டில் நான்கு டீயோடு வருகிறார். கையில் கட்டோடு வந்தவருக்கு ஒன்று, ஜெராக்ஸ் எடுக்க வந்தவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பெஞ்சில் இருந்தவர் எதற்கென்றே தெரியாமல் வாங்கிக் குடித்தார்.

"அனுபவம் எத்தினி வருஷம்னு போட்ட?"

"நீங்க சொல்லுங்கண்ணா."

"இருபத்தி மூணு. நல்லா பெர்சா போடு. அதுல ஒரு நாளு கூட பொய் கெடையாது."

இரண்டு நாள் கழித்து அவர் மகள் பவ்யா வந்தாள். இருபத்திரண்டு வயது. திருப்பதியில், மனைப்பிரிவுக்கும் சாலைக்கும் நிலம் அளந்து கொடுக்கும் ஒரு ஆபீசில் மூன்று வருடமாக வேலை. நாள் முழுக்கக் கருவியோடு வெயிலில் நின்று, அப்பா எவ்வளவு வெளுப்போ அவ்வளவு கறுத்துப் போனவள். மகள் சர்வே படித்திருக்கிறாள், கிராமத்து அரசாங்க ஆபீசான சச்சிவாலயத்தில் சர்வேயர் ஆகிவிடுவாள் என்று நாகபூஷணம் என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். சொல்லாத ஆள் பாக்கியில்லை.

"ரோஜாக்கா, எனக்கும் ஒரு தரகாஸ்து போடணும். நைனா போட்டாரே, அதே கம்பெனிதான்."

ஆபீஸ் வேலைக்கு என்று நினைத்தேன். சான்றிதழை வாங்கிப் பார்த்தவள் மறுபடி ஒரு முறை பார்த்தேன். டிப்ளமோ இன் மைனிங் என்று இருந்தது.

"சர்வேன்னுதானே உங்கப்பா சொல்லிக்கினு கீறாரு?"

"சர்வேவும் அதுல கீதுக்கா. அம்மா பாதி மட்டும் சொல்லிச்சி."

அவள் கேட்டது கீழே இறங்குகிற வேலை. சுரங்கத்துக்குள் ஒவ்வொரு இடத்திலும் காற்று எவ்வளவு வருகிறது, தூசி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதும் உதவியாளர். பெண்களைச் சுரங்கத்துக்குள் விடுவார்களா என்று நான் கேட்டேன். "2019லயே சட்டத்த மாத்திட்டாங்கக்கா. பகல் ஷிஃப்டுதான். நாமளே சம்மதம்னு எழுதிக் குடுக்கணும்." கையெழுத்துப் போடும் இடத்தில் நிதானமாகப் போட்டாள். எழுந்தபோது மட்டும் குரல் இறங்கியது. "நைனாவுக்கு சொல்லாதக்கா. கெடைக்கலன்னா யாருக்குமே தெரிய வாணாம்."

நான் அனுப்பினேன். அப்பாவின் விண்ணப்ப எண்ணுக்கு ஏழு எண் தள்ளி மகளின் எண். அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளில், என் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

திருப்பதியில் ஒரு கல்லூரி மண்டபத்தில் நேர்முகத்தேர்வு நடந்தது. துளையிடும் ஆட்களுக்கு ஒரு நாள், டிப்ளமோ படித்தவர்களுக்கு வேறு நாள். நல்ல வேளை, இருவரும் எதிர்ப்படவில்லை. போய்வந்த நாகபூஷணத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "கையில மெஷின குட்த்தாங்கம்மா. நான் தோள்ல வாங்கினதப் பாத்தே அந்த ஆபீசரு சிர்ச்சிட்டாரு. போதும் எறக்கி வையின்னாரு. சின்னப் பசங்க பத்து பேரு பேந்தப் பேந்த முழ்ச்சிக்கினு நின்னானுங்க." இனி சித்தூரில் உடல் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அது வெறும் சம்பிரதாயம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பரிசோதனை முடிந்த மறுவாரம், வியாழக்கிழமை வரை காத்திராமல் திங்கட்கிழமையே அவர் வந்தார். கூரையைப் பார்க்கவில்லை. ஆட்களை எண்ணவில்லை. பெரிய காக்கிக் கவர் ஒன்றை என் மேஜைமேல் வைத்தார்.

"இதுல இன்னா எழுதி கீது, படி."

உள்ளே ஒரு எக்ஸ்ரே படம், ஒரு தாள். தாளின் அடியில் வட்ட முத்திரைக்குள் அன்ஃபிட் என்று இருந்தது. அது அவருக்கே தெரியும். முத்திரை குத்திக் கொடுத்தவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏன் என்று சொல்லவில்லை. வரிசையில் பின்னால் முப்பது பேர் நின்றார்களாம். மேலே நான்கு வரி ஆங்கிலம். இரண்டு நுரையீரலிலும், மேல்பாகத்தில், சிறு சிறு முடிச்சுகள். கடைசியில் எனக்குப் புரியாத ஒரு சொல்: சிலிகோசிஸ். அதைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். வந்ததைப் படித்தேன். திரையை அவர் பக்கம் தெரியாதபடி கொஞ்சம் திருப்பினேன். அந்தச் சின்ன அசைவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"சொல்லும்மா."

மனைப்பட்டா வந்ததா, ரேஷன் கார்டில் பெயர் ஏறியதா என்று சொல்லத்தான் நான் கடை வைத்திருக்கிறேன். ஒரு மனிதருக்கு இதைச் சொல்ல வேண்டிவரும் என்று நினைத்ததே இல்லை.

"கல்லுத் தூசிண்ணா. உள்ள போயி நுரையீரல்ல தங்கிடிச்சாம்."

"மருந்து?"

"இனிமே தூசிப் பக்கமே போவக் கூடாதுன்னு போட்டு கீது."

குணப்படுத்த முடியாது என்று அடுத்த வரியில் இருந்ததை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. அவர் படத்தை உருவி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். விலா எலும்புகளுக்கு நடுவே, ரவையைக் கொட்டி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். படத்துக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் வந்து போவது நிழலாகத் தெரிந்தது.

"நான் பீடி புடிக்கறதில்லியேம்மா" என்றார். யாரோ தப்பாகப் பழி போட்டுவிட்டது போல இருந்தது குரல். ராஜஸ்தானில் கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேர் இருமி இருமி இளைத்துச் செத்தார்களாம். பீடி குடிக்கிறவர்களுக்கு அப்படித்தான் என்று கான்டிராக்டரின் ஆள் சொன்னானாம். இவர் நம்பினார். "தண்ணி வுட்டுக்கினே தொளை போட்டா தூசி அடங்கிடும். குப்பத்துல அப்டித்தான் போடுவோம். அங்க தண்ணி பைப்ப இழுத்தா நேரமாவுதுன்னு காஞ்சாப்லயே போட வுட்டாங்க. பக்கத்துல நிக்கறவன் மூஞ்சி தெரியாது."

படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார்.

"வருஷத்துக்கு ஒர் தபா எக்ஸ்ரே வேன் வரும்மா. சட்டைய கழட்டி வரிசையா நிப்போம். மூச்ச இழுன்னுவான், புடின்னுவான், டீக் ஹை, சரி போன்னுவான். போய்க்கினே இருப்போம். ஒம்போது வருஷம். ஒம்போது படம். ஒண்ணு கூட என் கையில குடுக்கல." விரல்கள் ஒன்பதில் நின்றன. "மொத படத்துலயே தெரிஞ்சிருக்குமா இது?"

அவர் இன்னொரு முறை கேட்டார்.

"தெரிஞ்சிருக்குமாம்மா?"

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியிலும் காட்டினார். அங்கேயும் அதையே சொன்னார்கள். தூசியை விட்டு விலகி, சளி பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் ஓடும் வரை ஓடும் என்றார்கள். குளிர்கிடங்கு வேலையையும் விடச் சொன்னார்கள். ஒன்பது படங்களையும் அனுப்பி வைக்கும்படி அந்தக் கான்டிராக்டருக்கு நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தேன். பதிவுத் தபாலில் போனது. பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்தான அட்டை திரும்பி வந்தது. படம் வரவில்லை.

ஆனாலும் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருவது நிற்கவில்லை. "மேல செய்யறது எதுனா இருந்தா பாரு" என்பார். நான் தேடுவேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றாது.

அப்படி மூன்றாவது வியாழக்கிழமை. வேலைத் தளத்தைத் திறந்ததும் முதல் பக்கத்திலேயே அந்தக் கம்பெனியின் அறிவிப்பு. தேர்வானவர்களின் பெயர் ஜாபிதா. நான் வேகமாகத் தாண்டிப் போகப் பார்த்தேன். "நில்லு, நில்லு" என்றார். "யார் யாருக்குக் கெடச்சிதுன்னுதான் பாக்கலாமே. அன்னிக்கி என்கூட நின்ன பசங்க."

மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தை அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலைத் திரையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். பாதி வந்து விரல் நின்றது. ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழ, எழுந்து நின்றார்.

"என் பேரும்மா! தோ பாரு! நாகபூஷணம்! என் பேரு கீது!"

"அண்ணா..."

"அந்த டாக்டரு தப்பா எழுதிட்டான்மா! அவங்களே பாத்துத் திருத்திட்டாங்க போலகீது! அந்த ஆபீசருக்குத் தெரியும்மா என் வேலை!"

கால்கட்டோடு பெஞ்சில் இருந்த பெரியவர் தெலுங்கில் வாழ்த்துச் சொன்னார். நாகபூஷணம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியவரின் கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் டீ வாங்கப் போய்விடுவார். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணா, அது அப்பா பேரு போடற எடம்."

அவர் சிரித்த முகத்தோடேயே என்னைப் பார்த்தார். மந்தமான காதுப் பக்கம் சொல்லிவிட்டேனோ என்று இன்னொரு முறை சொன்னேன். "நீங்க பாக்கறது அப்பா பேரு. வேலைக்கு எடுத்தவங்க பேரு இந்தப் பக்கம்."

விரல் மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனது. பவ்யா என்ற சிறிய பெயரைப் படிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை. படித்து முடித்தபிறகும் விரல் அங்கேயே இருந்தது.

"இது கீழ எறங்கற வேலையா?"

"ஆமாண்ணா."

"நீதான் போட்டுக் குட்த்தியா?"

"ஆமா."

"எனக்குப் போட்ட கையாலயேவா?"

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். விழுந்த ஸ்டூலை அவரே நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தார். மகளுக்குப் போன் செய்து, "கடைக்கி வா" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

நான் சுலோச்சனா அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டேன். அவர்தான் முதலில் வந்தார், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் வீடு. பாதி முடிந்த கொண்டையோடு ஓடி வந்தவர், கணவர் வாயைத் திறக்குமுன் ஆரம்பித்தார். "ஃபீஸு இல்லாம அந்த மைனிங் சீட்டு ஒண்ணுதான் கெடச்சிது. நீ ராஜஸ்தான்ல கீற. போன்ல சொன்னா நீ அங்கேர்ந்து கத்துவ, பாதியில சிக்னல் பூடும். அதான் சர்வேன்னேன்."

"கீழ இன்னா கீதுன்னு தெரியுமா உனுக்கு?"

"எனுக்கு எப்டித் தெரியும்? நீ வருஷத்துக்கு ஒர் தபா வருவ. கேட்டா சில்லுனு கீது, ஜம்முனு கீதும்ப. வேற எதுனா சொன்னியா நீ?"

திருப்பதி பஸ்ஸில் பவ்யா வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதுவரை வந்தவர்களுக்கு நான் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களும் ஏதோ புரிந்த மாதிரி சில்லறையைக்கூட மெதுவாக வைத்துவிட்டுப் போனார்கள்.

பவ்யா உள்ளே வந்து நின்றதும் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

"அந்தப் படத்த ஊட்ல பாத்தல்ல?" என்றார் நாகபூஷணம்.

"பாத்தேன் நைனா."

"பாத்துட்டுமா?"

"தரகாஸ்து அதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். நீ சின்னதுல சொல்லுவியே, கேஜ்ல எறங்கறது, பாறையில கோடு கோடா மின்னறது. அதக் கேட்டுத்தான் அந்தக் கோர்ஸே எட்த்தேன். படத்தப் பாத்தப்புறம் வாணாம்னு எழுதிடலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். ரெண்டு நாளு யோசிச்சேன். நான் பாக்கப் போற வேலையே அதுதான் நைனா. தூசி எவ்ளோ கீதுன்னு அளந்து எழுதறது."

"எழுதி?"

பவ்யா தோள் பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள்.

"எழுதி யாருகிட்ட குடுப்ப? எங்களையும் வருஷா வருஷம் அளந்து எழுதினாங்க. ஒம்போது தபா எழுதினாங்க. எழுதினவனும் உன்ன மாரி படிச்சவன்தான்."

பவ்யா தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"தெரியல நைனா. என் கையில இருக்கற தாளுல நான் பொய் எழுத மாட்டேன். அது ஒண்ணுதான் இப்ப என்னால சொல்ல முடியும்."

நாகபூஷணம் நீண்ட நேரம் மகளைப் பார்த்தார். அப்பா பார்க்கிற பார்வையாக அது தொடங்கியது. நடுவில் எங்கோ மாறியது. அடுத்துக் கேட்டது வேலையாள் கேட்கிற கேள்விகள்.

"எத்தினி பொம்பளைங்க எறங்குவீங்க?"

"மூணு பேருக்குக் கொறஞ்சா எறக்கக் கூடாது."

"எத்தினி மணிக்கு மேல வருவ?"

"எப்டியும் ஏழுக்குள்ள."

"வெளிய வர வழி ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு. பிளான்ல காட்டினாங்க."

"படம் புடிச்சா கையில வாங்கிக்க. குடுக்கலன்னா மறுநாளு எறங்காத."

"சரி நைனா."

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சுலோச்சனா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போவார்கள் என்று நான் நினைத்தேன். நாகபூஷணம் எழுந்து என் பிரிண்டரிடம் வந்தார். கேட்காமல் தட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். மேஜையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டார். தாளைத் தரையில் மகளுக்கு முன்னால் வைத்தார்.

"செருப்ப கழட்டு."

பவ்யாவுக்குப் புரியவில்லை.

"கம்பெனி பூட்ஸு எல்லாம் ஆம்பள அளவுலதான் கீதும். உள்ள காலு ஆடுச்சின்னா ஏணியில வழுக்கிடும். அளவு எழுதிக் குட்த்து, உன் காலுக்குச் சரியா இருக்கறதா கேட்டு வாங்கணும்."

சொல்லிக்கொண்டே அவள் முன்னால் மண்டியிட்டார். அப்பாவின் கை தன் காலை நோக்கி வருவதைப் பார்த்ததும் பவ்யா பதறிப்போய்க் காலைப் பின்னால் இழுத்தாள். "ஐய, நைனா, வாணாம். நீ தொடாத." அவர் விடவில்லை. கணுக்காலைப் பிடித்து, வெயிலில் செருப்பு வார் அடையாளம் விழுந்த அந்தப் பாதத்தைத் தாளின் நடுவில் வைத்தார். குதிகாலில் பேனாவை ஊன்றி, தோலை ஒட்டினாற்போல் மெல்லக் கோடு இழுக்க ஆரம்பித்தார். பாதத்தின் வளைவைத் தாண்டும்போது இருமல் வந்தது. பேனாவைத் தாளிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது அடங்கும் வரை முகத்தைத் திருப்பி இருமினார். பிறகு கோடு விட்ட இடத்தைத் தேடி, சரியாக அங்கேயே முனையை வைத்து, சுண்டுவிரலைச் சுற்றி மறுபடி இழுத்தார்.